வேதமாணிக்கம் மறைத்த கடி

ரட்சிப்பு, ரட்சிப்புன்னு சொல்றோமே... எதுல இருந்து ரட்சிப்பு? யோசிச்சிருக்கீங்களா? பின்னாடி நிக்கிறவங்க அப்படியே உக்காருங்க. ஒரு மனுஷனுக்கு நேர்ந்ததைச் சொல்லிட்டு மேலே போறேன். சின்னக் கதைதான்.

களக்காட்டுப் பக்கம் வேதமாணிக்கம்னு ஒருத்தர். வாழை விவசாயம். நல்ல மனுஷன். வாரா வாரம் சபையில "விசுவாசிக்கிறேன்"னு விசுவாசப் பிரமாணம் சொல்ல எழுந்து நின்னா, முதல்ல கேக்கிற குரல் அவர் குரல்தான். "ஆண்டவரே, நான் பாவி"ன்னு ஜெபத்துல அழகாச் சொல்வார்.

அவர் மக பியூலாவுக்கு நிச்சயதார்த்தம். மத்தியானம் மாப்பிள்ளை வீட்டார் வர்றாங்க. பந்திக்கு இலை வேணுமேன்னு காலையில தோட்டத்துக்குப் போனார். வாழைச் சருகை மிதிச்சார்... கணுக்கால்ல சுருக்குன்னு ஒரு குத்து. குனிஞ்சு பார்த்தார். சருகுக்குள்ள ஒரு வால்... வழுக்கிட்டுப் போகுது.

பார்த்துட்டார். கண்ணால பார்த்துட்டார்! என்ன செய்யணும்? கத்தணும். "காப்பாத்துங்க"ன்னு ஓடணும். இவர் என்ன செஞ்சார் தெரியுமா? சுத்துமுத்தும் பார்த்தார். யாரும் இல்ல. இலைக்கட்டைத் தூக்கிட்டு வீட்டுக்கு வந்தார். காலைக் கழுவினார். ஒரு பிளாஸ்திரி ஒட்டினார். வேட்டியை இறக்கிக் கட்டிக்கிட்டார்.

அவர் மனைவி தங்கபுஷ்பம் கேட்டாங்க, "கால்ல என்னங்க?"

"முள்ளு."

"வீங்கியிருக்கே..."

"முள்ளுன்னு சொல்றேன்லா? போ, வேலையைப் பாரு!"

ஏன் மறைச்சார்? நிச்சயத்தன்னைக்குப் பாம்பு கடிச்சுதுன்னா சம்பந்தி வீட்டுல என்ன நினைப்பாங்க? ராசியில்லாத வீடுன்னு பேசுவாங்களே! அதோட, நமக்கு ஒண்ணும் ஆகாதுங்கிற தைரியம் வேற. மனுஷன் முகத்துக்குப் பயந்தார்... உள்ளே ஏறிக்கிட்டிருந்த விஷத்துக்குப் பயப்படலையே!

மாப்பிள்ளை வீட்டார் வந்தாச்சு. சிரிச்சுக்கிட்டே வாசல்ல நின்னு கும்பிடறார். ஆனா கண் இமை கனக்குது. இழுத்துத் திறந்தாலும் மூடுது. சம்பந்தி கேலி பண்றார்: "என்ன மச்சான், மக கல்யாணக் கவலையில ராத்திரி தூங்கலையோ?" எல்லாரும் சிரிக்கிறாங்க. இவரும் சிரிக்கிறார். சிரிப்பு ஒரு பக்கமாக் கோணுது.

போதகர் சொன்னார், "பொண்ணோட அப்பா ஒரு வார்த்தை ஜெபம் பண்ணட்டும்." எழுந்தார். "ஆண்..." அவ்வளவுதான். நாக்கு புரளலை. மறுபடியும், "ஆ..." எச்சில் வழியுது. தண்ணி கொடுத்தாங்க. விழுங்க முடியலை, மூக்கு வழியா வருது. பியூலா "அப்பா!"ன்னு அலறினா. அந்தச் சத்தத்துலதான் அவருக்கு முதல் தடவையா பயம் வந்துச்சு. இப்போ சொல்லணும்னு நினைக்கிறார்... வாய் இல்லை!

மாப்பிள்ளை வீட்டுக் காரிலேயே தூக்கிப் போட்டுக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாங்க. "பக்கவாதம் டாக்டர், திடீர்னு பேச்சு போயிடுச்சு" - ஆளாளுக்கு இதையே சொல்றாங்க. டாக்டர் தலையில இருந்து கால் வரைக்கும் பார்த்துட்டு வந்து, பிளாஸ்திரியைப் பிச்சார். தங்கபுஷ்பத்தைக் கேட்டார்,

"இது என்னம்மா?"

"முள்ளுன்னு சொன்னாங்க டாக்டர்..."

டாக்டர் அவர் காதுக்கிட்ட குனிஞ்சார். "ஐயா, பாம்பா? உண்மையைச் சொல்லுங்க. ஆமான்னா தலையை ஆட்டுங்க." கழுத்து நிக்கலை. "சரி, ஒரு விரலைத் தூக்குங்க."

சுத்தி நிக்கிறது யாரு? அதே சம்பந்திதான். அதே சொந்தக்காரங்கதான். எவங்க முன்னால மறைச்சாரோ, அவங்க முன்னால... மெதுவா... ஒரு விரல் எழும்புச்சு.

உடனே மருந்து ஏத்தினாங்க. அதுக்குள்ள மூச்சு நின்னுபோச்சு. தொண்டையில குழாயைப் போட்டு மெஷின்ல வச்சாங்க. இப்போ கேளுங்க, இதுதான் பயங்கரம். கண் திறக்கலை. கை அசையலை. ஆனா காது கேக்குது! "பிழைப்பாரா?"ன்னு யாரோ கேக்கிறது கேக்குது. பெஞ்சாதி அழுவுறது கேக்குது. செத்துட்டேன்னு நினைச்சு மூடிருவாங்களோ? உள்ளுக்குள்ள கதறுறார்: "ஆண்டவரே, வாரா வாரம் விசுவாசிக்கிறேன்னு சொன்னேனே... யார்கிட்ட சொன்னேன்? உம்மகிட்ட ஒரு நாளாவது சொன்னேனா? பாவின்னு சொன்னேன். ஒரு பாவத்தையாவது காட்டினேனா? நான் உம்மை அறியலையே ஆண்டவரே!" அந்த இருட்டுக்குள்ள, உதடு அசையாம, அந்த மனுஷன் முதல் முறையா உண்மையா ஜெபம் பண்ணார்.

பிழைச்சார். கர்த்தர் இரங்கினார். குழாயை எடுத்ததும் மனைவி கையைப் பிடிச்சுச் சொன்னார், "பாம்புன்னு எனக்கு அப்பவே தெரியும், தங்கம்."

அந்த அம்மா டாக்டரைக் கேட்டாங்களாம், "அது என்ன மருந்து டாக்டர்?" டாக்டர் சொன்னார், "குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமா பாம்பு விஷத்தை ஏத்துவாங்கம்மா. விஷத்தை முறிக்கிற சக்தி அதோட ரத்தத்துல உண்டாகும். அதை எடுத்துத்தான் இந்த மருந்தைச் செய்றாங்க."

பிரியமானவர்களே... கடிபட்டது யாரு? ரத்தம் கொடுத்தது யாரு? உனக்கும் எனக்கும் ஏறின விஷத்தை சிலுவையில தன் மேல ஏத்துக்கிட்டார் இயேசு. அவர் ரத்தத்தைத் தவிர இதுக்கு மருந்து இல்லை. நான் நல்லவன், காணிக்கை போடறேன், உபவாசம் இருக்கேன்... நல்லவன் காலுன்னு பார்த்து விஷம் இறங்கிப் போகுமா? வேதமாணிக்கமும் நல்லவர்தானே!

மருந்து ஆஸ்பத்திரியில இருந்துச்சு. அவர் வீட்டுல உக்காந்து சிரிச்சுக்கிட்டிருந்தார். இந்தப் பந்தல்ல எத்தனை பேர் அப்படி உக்காந்திருக்கீங்க? பக்கத்துல இருக்கிறவனைப் பார்க்காதே... உன்னைத்தான் கேக்கிறேன். நியாயத்தீர்ப்பு நாள் ஒண்ணு வருது. அங்கே எழுப்ப ஒரு விரலும் இருக்காது. கேக்க ஒரு டாக்டரும் இருக்க மாட்டார்.

என்ன கடிச்சுதுன்னு உனக்குத் தெரியும். ஆண்டவருக்கும் தெரியும். இன்னும் நாக்கு புரளுதே... இப்பவே சொல்லு.