ஒரு வரி குறைந்த மின்னஞ்சல்

உணவகம் ஒன்றின் இணையப் பக்கத்தில் ஆட்கள் முதலில் தேடுவது, கடை எத்தனை மணிக்குத் திறக்கும் என்பதைத்தான். இது தெரியாமல் முழுத்திரைக்குப் படம் போடுகிறவர்கள் பலர். நான் அப்படிச் செய்வதில்லை.

தமிழில் வாக்குமூலம் தர விட்டதற்கு நன்றி. அபிதா மொழிபெயர்க்கட்டும். என் இத்தாலியன் வாடிக்கையாளர்களோடு கதைக்கப் போதும், இதற்குப் போதாது.

ஏர்னஸ்ற் அண்ணையும் நானும் ஆறு வருடம் ஒரே ஹோட்டலில் அறைகளைத் துப்புரவாக்கினோம். அவர் மன்னார், நான் சாவகச்சேரி. வேலை முடிந்த பின்னேரங்களில் ஒரு பழைய மடிக்கணினியில் சேர்ந்து படித்தோம். பிறகு வியா மக்வேதா தெருவில், சப்பாத்துக் கடை ஒன்றுக்கு மேலே அறை எடுத்து, கடைக்காரர்களுக்கு வெப்சைற் செய்யத் தொடங்கினோம்.

எங்களுக்குள் ஒரே ஒரு பிணக்குத்தான்: எந்தப் பேஜ் பில்டரை வைத்துக்கொள்வது. படம், எழுத்து, படிவம் எல்லாவற்றையும் இழுத்து வைத்தே பக்கம் கட்டுகிற மென்பொருள் அது. மற்றவருடைய தொழிலை அதன்மேல் ஏற்றுகிறோம். அதை நம்பக்கூடியதாக இருக்க வேண்டும். நான் தேர்ந்ததில் அதிகம் மாற்ற முடியாது, ஆனால் உடையாது. அண்ணையினுடையதில் எதையும் செய்யலாம். ஒரு அப்டேற் வந்தால் என்ன விழும் என்று மட்டும் யாருக்கும் தெரியாது. இரண்டையும் மூன்று மாதம் ஒப்பிட்டு ஒரு அறிக்கை எழுதினேன். அண்ணை அதை வாசிக்கவில்லை.

நகரத்துக்கு வெளியே ஸ்ஃபெர்ராகவால்லோவில் மீன் உணவகம் வைத்திருக்கும் முதலாளியம்மா, சிஞ்ஞோரா, எங்களிடம் வந்தபோது இரண்டிலும் ஒவ்வொரு மாதிரி செய்து காட்டினோம். அவருக்கு அண்ணையினுடையது பிடித்தது. நான் என் காரணங்களைச் சொல்ல வாயெடுத்தேன். அண்ணை என் தோளில் தட்டி, "இவர் நல்ல பெடியன், ஆனா எல்லாத்துக்கும் பயம்" என்று அவருக்கு இத்தாலியனில் சொன்னார். சிஞ்ஞோரா சிரித்தார். எனக்குக் கோபம் வரவில்லை. அண்ணை ஒரு பிழை விட்டுவிட்டார், அதை அவருக்குக் காட்ட வேண்டும் என்று மட்டும் நினைத்தேன்.

அந்தப் பக்கத்தில் மேசை பதிகிற படிவம் ஒன்று இருந்தது. பெயர், நாள், எத்தனை பேர், எந்தச் சாப்பாடாவது ஒத்துக்கொள்ளாதா. நிரப்பி அனுப்பினால் விவரம் மின்னஞ்சலாகக் குசினிக்குப் போகும். அங்கே அச்சடித்து அடுப்புக்கு மேலே குத்தி வைப்பார்கள்.

மே மாதத்தில் ஒரு அப்டேற் வந்த காலை, அண்ணை கோப்பி குடிக்கக் கீழே இறங்கியிருந்தார். இருவருக்கும் ஒரே பாஸ்வேர்ட்தான். நான் உள்ளே போய், குசினிக்குப் போகிற மின்னஞ்சலிலிருந்து கடைசி வரியை எடுத்தேன். படிவத்தில் கை வைக்கவில்லை. நிரப்புகிறவருக்கு எல்லாம் முன்போலவே தெரியும்.

ஏன் அந்த வரி என்று கேட்பீர்கள். பெயரையோ நாளையோ எடுத்தால் அன்றைக்கே கண்டுபிடித்துப் பத்து நிமிடத்தில் திருத்திவிடுவார்கள். சிஞ்ஞோராவுக்கு அது பெரிதாகத் தெரியாது. இதுவென்றால் யாருக்காவது உடம்பு தடித்து, முறைப்பாடு வந்து, அவர் அண்ணையிடம் கேள்வி கேட்பார். அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

இளைப்பாறிய ஆசிரியை ஒருவர் மகளின் குடும்பத்தோடு ஞாயிறு மதியம் சாப்பிட வந்தார். பெயர் மரினெல்லா. மீன் சூப் கேட்டார். இறால் தலைகளை அவித்து எடுத்த சாறு அது. மகள் தயங்கியபோது, "நான் எழுதி அனுப்பியிருக்கிறேன், அவர்களுக்குத் தெரியும்" என்று சொன்னாராம். அம்புலன்ஸ் நகரத்துக்குள் நுழைய முன்னரே மூச்சு நின்றுவிட்டது.

சிஞ்ஞோரா எனக்குத்தான் முதலில் போன் செய்தார். அண்ணை அப்போது பூசையில் இருந்தார். போனை வைத்த கையோடு அந்த வரியைத் திரும்பப் போட்டேன். பிறகுதான் அண்ணையைத் தேடிப் போனேன்.

அவர் அதற்குப் பிறகு கணினியைத் தொடவில்லை. இரண்டு கிழமை கழித்து அவருடைய மனைவி அகஸ்ரீனா அக்கா அறைக்கு வந்தார்.

"தம்பி, அவர் சாப்பிடுறேல்லை. தான்தான் அந்த மனுசியைக் கொன்றதெண்டு சொல்லிக்கொண்டு கிடக்கிறார். நீங்கள் ஒருக்கா வந்து கதையுங்கோ."

போனேன். அண்ணை கட்டிலில் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

"நான் ஒருக்கா செக் பண்ணியிருக்கலாம், கீர்த்தி."

"ஓம் அண்ணை," என்றேன். "நான் அப்பவே சொன்னனான்தானே."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். மறுநாள் சிஞ்ஞோராவின் பக்கத்தை என்னுடைய பில்டருக்கு மாற்றினேன்.

இன்று நான் வந்ததற்குக் காரணம் உங்கள் நிபுணரின் அறிக்கை. அப்டேற்றினால் வரி அழிந்தது, ஏர்னஸ்ற் கவனிக்கத் தவறினார் என்று அதில் எழுதியிருக்கிறது. அது பிழை. அந்த மென்பொருளில் எந்தக் கோளாறும் இல்லை. நான் சொன்னதை அப்படியே செய்தது. தொழில் தெரிந்த ஒருவர் இப்படி எழுதக்கூடாது.

இன்னொன்றும் நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். படிவங்கள் மின்னஞ்சலில் போனாலும் உள்ளே ஒரு பிரதி கிடக்கும். அந்த ஞாயிறுக்கு முந்திய வியாழக்கிழமை காலை அதைத் திறந்து பார்த்தேன். ஞாயிறு மதியம், ஐந்து பேர். கடைசிப் பெட்டியில் அந்த அம்மா எழுதியிருந்தார்: "இறால், நண்டு. மிகவும் கடுமையானது. ஒருமுறை ஆஸ்பத்திரியில் கிடந்தேன். முன்கூட்டியே நன்றி."

இரண்டு தரம் வாசித்தேன். மூன்று நாள் இருந்தது. வரியைத் திரும்பப் போட்டிருக்கலாம், குசினிக்கு ஒரு போன் எடுத்திருக்கலாம். எடுத்திருந்தால் அதுவரை காத்திருந்தது வீணாகியிருக்கும்.

ஞாயிறு மத்தியானம் போனைக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் சாப்பிட்டேன். சிஞ்ஞோரா அழைத்தால் உடனே எடுக்க வேண்டும். வாடிக்கையாளர் எவரையும் நான் ஒருநாளும் காக்க வைத்ததில்லை.