முன்னிருக்கையின் எடை

ஏலக்காய் மணக்கும் தம் கடையை இன்று அரை நாள் அடைத்துவிட்டு இவ்விழாவுக்குத் தலைமையேற்க வந்திருக்கும் தாண்டிக்குடி வணிகர் சங்கத் தலைவர் குமாரவேல் ஐயா அவர்களே! ஒலிவாங்கியையும் தலைப்பையும் ஒருசேர என் கையில் தந்த எங்கள் தலைமையாசிரியை தமயந்தி அம்மா அவர்களே! செங்குத்துச் சாலைகளைச் சக்கரத்தால் அளந்து வைத்திருக்கும் ஜீப் ஓட்டுநர் அண்ணன்மார்களே! காப்பிப் பழம் பறித்த கையின் கறை காயும் முன்னே இங்கு வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! மிட்டாய்த் தட்டைவிட்டுக் கண்ணை எடுக்காத தம்பி தங்கைகளே! கடைசி வரிசைக்கும் பின்னால், சில்வர் ஓக் மரத்தடியில், நாற்காலி இருந்தும் உட்காராமல் நிற்கும் என்னைப் பெற்ற அத்தா அமானுல்லா அவர்களே! உங்கள் அனைவருக்கும் பதினோராம் வகுப்பு மஹ்ஜபினின் பணிவான வணக்கம்.

நம் கடைவீதியில் இன்று ஒரு சார்ஜர் திறந்திருக்கிறோம். அதை ஒட்டி எனக்குத் தரப்பட்ட தலைப்பு: "மின்வண்டியில் நெடும்பயணம்: இணைய வழித்திட்டத்தைப் பயன்படுத்துவது எப்படி?" எழுதிக் கொண்டுவந்த தாள் இதோ இருக்கிறது. இதை மடித்து வைத்துவிடுகிறேன். தமயந்தி அம்மா பயப்பட வேண்டாம். தலைப்பைவிட்டு விலக மாட்டேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலை ஒட்டன்சத்திரத்திலிருந்து ஒருவர் வந்து எங்கள் மின்வண்டியை விலை கொடுத்து ஓட்டிக்கொண்டு போகப் போகிறார். அதற்கு முன் நான் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வீட்டில் சொல்ல மூன்று வாரமாக வாய் வரவில்லை. மேடையில் வருமா என்று பார்க்கிறேன்.

வழித்திட்டம் என்றால் என்ன? புறப்படும் ஊரையும் சேரும் ஊரையும் கொடுத்தால் வழி காட்டுவது மட்டுமா அதன் வேலை? இல்லை. அது உங்களைக் கேள்வி கேட்கும். உன் வண்டி எது? சக்கரத்தில் காற்று எவ்வளவு? போய்ச் சேரும்போது பேட்டரியில் எத்தனை சதவீதம் மிச்சம் வேண்டும்? வண்டியில் ஏறுகிறவர்களின் மொத்த எடை எவ்வளவு? இத்தனையும் கேட்டுவிட்டு, மலையின் ஏற்றத்தையும் வானத்தின் மழையையும் தானே பார்த்துக்கொண்டு, இந்த ஊரில் நில், இத்தனை சதவீதம் ஏற்று, பிறகு போ என்று சொல்லும்.

எங்கள் வீட்டில் அதற்குப் பதில் சொன்னவர் என் அம்மா, ரோஷன் பேகம். வண்டி வாங்கிய முதல் நாளே முன்னிருக்கையில் கைப்பேசியோடு உட்கார்ந்து எல்லாரையும் வரிசையாகக் கேட்டார். அத்தா எழுபத்தெட்டு கிலோ. அக்கா பர்சானா ஐம்பத்து நான்கு. நான் நாற்பத்து நான்கு. தன்னுடையதை மட்டும் மெதுவாகச் சொன்னார்: "அறுபத்திரண்டு."

பர்சானா விடுவாளா? "யம்மா, பொய் சொன்னா வண்டி நடுவழியில நின்னுரும்."

"நின்னா நீ எறங்கித் தள்ளுடி. அறுபத்திரண்டுன்னா அறுபத்திரண்டுதான்."

ஆக மொத்தம் இருநூற்று முப்பத்தெட்டு. அந்த எண்ணோடு எத்தனை ஊர் போனோம்! கூடவே "ஏங்க, போதும், புடுங்குங்க" என்ற அந்தக் குரல். திட்டம் சொன்ன சதவீதம் வந்ததும் சார்ஜர் வடத்தைப் பிடுங்கச் சொல்லும் குரல். அத்தா அந்தக் குரலுக்கு ஒரு சதவீதம் முன்னும் பின்னும் போனதில்லை.

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் அம்மா இறந்துபோனார். நோய் அவரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்தது. மருத்துவமனையில் கடைசியாக எடை பார்த்தபோது முப்பத்தொன்பது கிலோ. தாய்மார்களே, கலங்காதீர்கள். அழவைக்க நான் வரவில்லை. எண்களை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று வாரத்துக்கு முன் மங்களூரில் மாமா மகள் கல்யாணம். போய்த் திரும்ப ஆயிரம் கிலோமீட்டர். அத்தா, பர்சானா, நான். முன்னிருக்கையில் யாரும் உட்காரவில்லை. உட்காராதே என்று யாரும் சொல்லவும் இல்லை. போகும்போதும் வரும்போதும் திட்டம் சொன்ன ஒவ்வோர் ஊரிலும் சொன்னதைவிட ஒரு சதவீதம் கூடுதலாகவே போய்ச் சேர்ந்தோம். ஏன் என்று அத்தாவுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. எண் இன்னும் இருநூற்று முப்பத்தெட்டாகவே இருந்தது. இல்லாத ஒருவரை எந்திரம் எண்ணிக்கொண்டிருந்தது.

பழனியில் சார்ஜர் முன் பெரிய வரிசை. பின்னால் நின்றவர்கள் ஒலிப்பான் அடித்துக்கொண்டிருந்தார்கள். கைப்பேசி என் மடியில் இருந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? அறிவியல் படிக்கிற பெண் அல்லவா? சரியான விடை பிடிக்கிற பெண் அல்லவா? இருநூற்று முப்பத்தெட்டை அழித்தேன். நூற்று எழுபத்தாறு என்று எழுதினேன். அத்தாவிடம் சொல்லவில்லை. ஒரே ஒரு விரல். ஒரே ஒரு நொடி. அம்மா கணக்கிலிருந்து போய்விட்டார்.

திட்டம் உடனே சொன்னது: முப்பத்தாறு சதவீதம் போதும், பெருமாள்மலை உச்சியில் ஐந்து மிச்சமிருக்கும், பிறகு பண்ணைக்காடு வழியாகத் தாண்டிக்குடி வரை பெரும்பாலும் இறக்கம், கவலையில்லை. நான் படித்துக் காட்டினேன். முப்பத்தாறு வந்ததும் அத்தா பிடுங்கினார்.

இங்கே ஒரு நிமிடம். பெரியோர்களே, இதிலிருந்து ஒரு பாடம் எடுத்துக்கொள்ளுங்கள்: மலைக்கு ஐந்து சதவீத மிச்சம் போதாது. குறைந்தது பதினைந்து சதவீதமாவது வையுங்கள். ஜீப் அண்ணன் ஆண்டிச்சாமி சிரிக்கிறார். "அதான் நாங்க டீசலோட நிக்கிறோம்" என்கிறார். சிரியுங்கள் அண்ணா, உங்களுக்கும் ஒரு நாள் வரும்!

ஆயக்குடியில் கொய்யா வாங்க நிறுத்தினோம். அம்மாவுக்கு வாடிக்கையாகக் கொடுப்பவர் ராக்காயி. வண்டியைப் பார்த்ததும் கூடையோடு ஓடிவந்தார். காலியாக இருந்த முன்னிருக்கையைக் குனிந்து பார்த்தார்.

"அக்கா எங்கய்யா? ஆளையே காணோம்?"

அத்தா என்ன சொல்லியிருக்க வேண்டும்? எளிய உண்மைதான். ஆனால் அத்தா சாலையைத் திரும்பிப் பார்த்தார். பார்த்துவிட்டுச் சொன்னார்: "பின்னாடி வருதும்மா."

"வரட்டும் வரட்டும். அதுக்குச் செங்காய்தான் புடிக்கும்" என்று முழுதும் பழுக்காத காயாகப் பொறுக்கி ஒரு பை தனியாகக் கட்டி நீட்டினார் ராக்காயி. அத்தா அதை வாங்கி முன்னிருக்கையில் வைத்தார். பர்சானா என் கையைப் பிடித்தாள்.

ஏற்றம் தொடங்கியது. மணி மூன்று, பட்டப்பகல்தான். ஆனால் சவரிக்காடு தாண்டியதும் மேகம் சாலைக்கு இறங்கியது. பிறகு மழை. எதிரே வந்த வண்டிகளின் விளக்கு மட்டும் தெரிந்தது, வண்டி தெரியவில்லை. கைப்பேசித் திரையில் மிச்ச சார்ஜைக் காட்டும் இரண்டு கோடுகள். திட்டமிட்டது நீலம். நடப்பது சிவப்பு. சிவப்பு மெல்ல மெல்ல நீலத்தைவிட்டுக் கீழே இறங்கியது. மழை இழுத்தது. விளக்கு இழுத்தது. சூடேற்றும் பொறி இழுத்தது. பதினேழு சதவீதம். பன்னிரண்டு. எட்டு.

"ஹீட்டர நிப்பாட்டுங்கத்தா" என்றாள் பர்சானா.

நிறுத்தினோம். கண்ணாடிகள் வேர்த்தன. மூச்சு விடுகிற ஆள் இருக்கிற பக்கமெல்லாம் கண்ணாடி வேர்க்கும். அத்தா பக்கம் வேர்த்தது. பர்சானா பக்கம் வேர்த்தது. என் பக்கம் வேர்த்தது. நான்காவது கண்ணாடியும் வேர்த்தது.

வேர்க்காதா என்ன? ஈரம் எங்கும் பரவத்தானே செய்யும்? அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வடகவுஞ்சி தாண்டி நான்கு. பிறகு இரண்டு. பிறகு எண் மறைந்து ஒரு கோடு வந்தது. முகப்பில் சின்னதாக ஓர் ஆமைப் படம் எரிந்தது. இனி நடக்கத்தான் முடியும், ஓட முடியாது என்று வண்டி சொல்லும் முறை அது. உச்சிக்கு ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. ஒரு பக்கம் பாறை. ஒரு பக்கம் மேகம். அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியும். பின்னால் ஏதாவது லாரி வந்தால் எங்களைப் பார்க்குமா? கைப்பேசிக்குச் சிக்னல் இல்லை. ஆமை நடந்தது. மூச்சு வாங்குவதுபோல நடந்தது.

அப்போதுதான் அந்த ஒலி.

டிங். டிங். டிங்.

முன்னிருக்கையில் ஆள் உட்கார்ந்து பெல்ட் போடாவிட்டால் வருமே, அந்த ஒலி. ஆயக்குடியிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் வராத ஒலி.

"கொய்யாப் பைதான்" என்றாள் பர்சானா. எட்டிப் பையை எடுத்தாள். மடியில் வைத்துக்கொண்டாள்.

டிங். டிங். டிங்.

இருக்கையில் ஒன்றுமில்லை. நான் பார்த்தேன். ஒன்றுமே இல்லை. ஒலி மட்டும் நிற்கவில்லை, வேகம் கூடியது. பர்சானா அழத் தொடங்கினாள். வண்டி இன்னும் மெதுவாயிற்று. இன்னும் மெதுவாயிற்று. சக்கரம் நிற்கப்போகிற இடத்தில் அத்தா வலக்கையால் ஸ்டீயரிங் வளையத்தைப் பிடித்தபடியே இடக்கையை நீட்டினார். அந்தக் காலி இருக்கையின் பெல்ட்டை இழுத்தார். எவர்மீதும் படாமல், ஆனால் எவர்மீதோ படுகிற மாதிரி கவனமாகக் குறுக்கே கொண்டுவந்து மாட்டினார். 'க்ளிக்' என்றது.

ஒலி நின்றது.

"போலாமா?" என்றார் அத்தா. எங்களைப் பார்த்துக் கேட்கவில்லை.

வண்டி உச்சியைத் தாண்டியது. மூக்கு கீழே சாய்ந்தது. தெரிந்தவர்களுக்குத் தெரியும்: மின்வண்டி இறக்கத்தில் இறங்கும்போது சக்கரம் சுழன்று பேட்டரிக்கு மின்சாரத்தைத் திருப்பித் தரும். எடை கூடக்கூட அதிகம் தரும். கோடு போய் ஒன்று வந்தது. இரண்டு வந்தது. வீட்டு வாசலில் நின்றபோது நான்கு.

மறுநாளே அத்தா முடிவு செய்துவிட்டார். "பேட்டரி போச்சு. புள்ளைகள வச்சுக்கிட்டு இனி இத நம்ப முடியாது." மெக்கானிக் பழுதில்லை என்றார். அத்தா கேட்கவில்லை. ஒட்டன்சத்திரத்துக்காரர் வந்து பார்த்தார். "காலி சீட்டுக்கு எதுக்கு பாய் பெல்ட் மாட்டிருக்கு?" என்று கேட்டார். அத்தா அதைக் கழற்றவில்லை. இன்றைக்கும் அது மாட்டியபடிதான் இருக்கிறது. சந்தேகமிருந்தால் கூட்டம் முடிந்ததும் வந்து பாருங்கள்.

தலைவர் ஐயா நேரம் முடிந்ததென்று மணியைத் தொடுகிறார். ஐயா, உங்கள் கடை ஏலக்காய் மீது ஆணை, இன்னும் இரண்டே நிமிடம்!

நான் வண்டியின் பயணப் பதிவை எடுத்து உட்கார்ந்தேன். திட்டத்தைவிடக் கூடுதலாகச் செலவான மின்சாரத்திலிருந்து மழைக்கு இவ்வளவு, சூட்டுக்கு இவ்வளவு, விளக்குக்கு இவ்வளவு என்று எல்லாவற்றையும் கழித்தேன். கால் யூனிட்டும் அதற்குச் சற்று மேலும் மிஞ்சியது. அதற்குக் காரணம் எந்த வரியிலும் இல்லை. கால் யூனிட் என்ன பெரிது? மலையேற்றத்தில் முக்கால் கிலோமீட்டர். நாங்கள் ஆமையாய் நகர்ந்த அதே முக்கால் கிலோமீட்டர்! அந்த மின்சாரம் பழனியிலிருந்து பெருமாள்மலை உயரத்துக்கு எவ்வளவு எடையைத் தூக்கும்? பாடப்புத்தகத்தில் இருக்கிற சூத்திரம்தான். நிறை, ஈர்ப்பு, உயரம். மூன்று முறை போட்டேன். மூன்று முறையும் ஒரே விடை.

அறுபத்தெட்டு கிலோ.

அறுபத்திரண்டு இல்லை. நோய் மிச்சம் வைத்த முப்பத்தொன்பதும் இல்லை. அறுபத்தெட்டு! பர்சானாவிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்தாள். "நாந்தான் அப்பவே சொன்னேன்ல" என்றாள்.

தமயந்தி அம்மாவிடம் இதைக் காட்டியபோது, "அளவீட்டுப் பிழைக்குள் அடங்கும், மஹ்ஜபின்" என்றார். அடங்கட்டும் அம்மா. பேய் என்று நான் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு இடமில்லை. ஈரத்தில் இருக்கையின் உணரி கெட்டிருக்கலாம். காற்று எதிர்த்திருக்கலாம். எல்லாம் இருக்கலாம். ஆனால் ஒன்று மட்டும் 'இருக்கலாம்' அல்ல, 'இருக்கிறது'. எண்ணை மாற்றியவள் நான்.

அத்தா! கேட்கிறதா அத்தா? நீங்கள் முன்கூட்டியே பிடுங்கவில்லை. பேட்டரி போகவில்லை. வண்டி பொய் சொல்லவில்லை. பொய்யான எண்ணை அதற்குக் கொடுத்தவள் நான். பழைய எண் இருந்திருந்தால் திட்டம் இன்னும் ஒரு சதவீதம் ஏற்றச் சொல்லியிருக்கும்; ஆமையும் வந்திருக்காது, அந்தப் பயமும் வந்திருக்காது. நான் மூன்று பேர் என்று எழுதினேன். வண்டி நான்கு பேரைத்தான் தூக்கிக்கொண்டு ஏறியது.

அவையோரே! எந்திரம் கேட்கும், நாம்தான் பதில் எழுதுகிறோம். யாரை ஏற்றினோம் என்று எந்திரத்துக்குத் தெரியுமா? யாரை இறக்கிவிட்டோம் என்று தெரியுமா? நாம் எழுதினால்தான் தெரியும். எழுதும்போது பொறுத்து எழுதுங்கள். அழிக்கும்போது இன்னும் பொறுத்து அழியுங்கள். நாம் வெரசாக அழித்துவிட்டோம் என்பதற்காக ஒருவர் இறங்கிப் போய்விடுவாரா? ஏற்றத்தில் கனப்பார். கனக்கட்டும்! இறக்கத்தில் அதே கனம்தான் நம்மை வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்து சேர்க்கிறது!

கைதட்டல் போதும்... போதும். தம்பிகளா, கொஞ்சம் அமைதி. அத்தா ஏதோ கேட்கிறார். மரத்தடியிலிருந்து கேட்கிறார். "இப்ப எத்தன போட்டு வச்சிருக்க?" என்கிறார்.

இருநூற்று நாற்பத்து நான்கு, அத்தா.

விரல்விட்டுக் கூட்டுகிறார். "அறுபத்தெட்டா?" என்கிறார். ஆமாம் அத்தா, அறுபத்தெட்டு. "அவ ஒத்துக்க மாட்டாளே" என்கிறார். சிரிக்கிறார். மூன்று வாரத்துக்குப் பிறகு சிரிக்கிறார். சட்டைப்பையிலிருந்து போனை எடுக்கிறார். ஒட்டன்சத்திரத்துக்குத்தான் என்று நினைக்கிறேன்.

மணியைத் தொட்ட கையை அப்படியே நிறுத்திக்கொண்ட தலைவர் ஐயாவுக்கும், தலைப்பை மீறியதை மன்னிக்கப் போகிற தமயந்தி அம்மாவுக்கும், பந்தல் போட்டவர்களுக்கும், மின்சாரம் போகாமல் காத்த ஊழியர்களுக்கும் என் நன்றி. இங்கே வந்திருப்பவர்களுக்கும், வர முடியாமல் போனவர்களுக்கும், பின்னால் வந்துகொண்டிருப்பவர்களுக்கும் வணக்கம்.