குளிரில் சேரும் அணுக்கள்

காலை ஷிப்டுக்கு ஒரகடம் போகும் கம்பெனி பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஒரே லைனில் வேலை போல.

“அணுவைப் பயங்கரமா குளிர வெச்சு, ஒண்ணோட ஒண்ணு சேர வைக்கிறதாம்க்கா. தங்கச்சி அதைத்தான் ஆராய்ச்சி பண்ணணும்ங்கறா,” என்றாள் இளையவள்.

“குளிர்ல எப்புட்றீ சேரும்? இறுகிடக் கூடாதுன்னுதானே நாம லைன்ல ஒட்டுற பசையை ஃப்ரிட்ஜ்ல வெச்சிகினு கீறோம்?”

“அதான் நானும் கேட்டேன். அவ்வளவு குளிர்ல அணு அலை மாதிரி ஆயிருமாம். காந்த சக்தியைக் கூட்டிக் குறைச்சா, சேருன்னா சேருமாம், வேண்டாம்னா விலகிருமாம்.”

“சொன்னா கேக்குதா? எங்கூட்டுக்காரரே கேக்க மாட்றாரு.”

“சிரிக்காதீங்கக்கா. அவளுக்கு சீட் கெடைச்சிருக்கு, வர்றேன்னு இன்னைக்குள்ள பதில் அனுப்பணும். அப்பா விடலைன்னா கல்யாணந்தான். நான்தான் அவருக்கு வெளக்கணும்.”

“உனுக்குப் புரிஞ்சுதா?”

“இல்லை.”

இளையவள் போனை எடுத்தாள்.

“அப்பா, அவ படிப்பு எனக்கு ஒண்ணும் புரியலைப்பா. ஆனா அவளுக்கு நல்லாப் புரியுது. அனுப்புங்கப்பா.”

கேட்டுக்கொண்டே இருந்தாள். போனை வைத்தாள்.

“இன்னாடி சொன்னாரு?”

“அவருக்கும் புரியலையாம்க்கா. போகட்டும்னுட்டாரு.”