பிரபுவின் வாள் எந்த இடுப்பில்?

லெய்டன் நகரிலிருந்து கொட்டும் மழையில் படகேறி வந்து, எங்கள் வழக்கைக் கேட்க அமர்ந்திருக்கும் கரைக்காவல் மன்றத் தலைவர் டீட்மர் அவர்களே! வெள்ளத்தை மார்பால் தடுத்த பெரியோர்களே! துணியை மோரில் ஊறவைத்து வெளுத்து, தாமும் வெளுத்துப்போன, மோர் மணக்கும் கைகளையுடைய தாய்மார்களே! வணக்கம்.

இந்த ஊரில் பிறந்து, ஹார்லம் அச்சுக்கூடத்தில் இருபது ஆண்டுகள் செப்புத் தகட்டுக்கு மை தடவிய யூஸ்ட் நான்.

நம் தேவாலயக் கோபுரத்திலிருந்து பார்த்தால் கால்வாய்க்கு இடப்புறம், நாம் துணி வெளுக்கும் பொதுப் புல்வெளி. வலப்புறம், பிரபு வால்ராவனின் சேற்று நிலம். ஆனால் பிரபு இந்த மன்றத்துக்குச் சாட்சியாக ஓர் அச்சுப்படம் கொடுத்திருக்கிறார். "கோபுரத்திலிருந்து வரைந்தது, இடப்புறமே எனது" என்கிறார்!

பாருங்கள் அந்தப் படத்தை! இடப்புறம் முழுக்கப் பிரபு. மரங்கள்கூட அவருக்குப் பயந்து வரிசையில் நிற்கின்றன. மேகத்தில் அவர் குலச்சின்னம். வானத்துக்கும் வாடகை வாங்குவார் போலிருக்கிறது! மேட்டில் தூக்குமரம், அவர் அதிகாரத்தை நாம் மறந்துவிடக் கூடாதாம். நாம் எங்கே? வலது ஓரத்தில், எள்ளளவில், தொப்பியைக் கழற்றிக் குனிந்திருக்கிறோம். முகம் உண்டா? இல்லை. முதுகு உண்டு! இதுவா ஊர்? இதுவா ஒழுங்கு? குனிந்தவனை வரைந்துவிட்டால் நிமிர்ந்தவன் இல்லாமல் போவானா?

என்ன பெரியப்பா? "படம் பொய் சொல்லுமாடா"ன்னா கேட்கிறீர்கள்? சொல்லாது! பிரபுவின் வாளைப் பாருங்கள். எந்த இடுப்பில் தொங்குகிறது? வலது இடுப்பில்! வலக்கையால் உருவும் வாள் இடது இடுப்பில் அல்லவா தொங்கும்? நாம் தொப்பியை எந்தக் கையில் பிடித்திருக்கிறோம்? எல்லோரும் இடது கையில்! ஊரே ஒரே நாளில் இடக்கைப் பழக்கத்துக்கு மாறிவிட்டதா?

தகடு வெட்டிய கிரேலிஸை நேரில் போய்ப் பிடித்தேன். "ஏன்யா, வாளை இப்படியா மாட்டுவே?" என்றேன்.

"அட போப்பா! எழுத்தை மட்டும் திருப்பி வெட்டினேன். மத்ததெல்லாம் கண்ணால பார்த்தபடியே கீறிட்டேன். தகட்டைக் காகிதத்துல கவிழ்த்து அழுத்தினதும், அச்சுல எல்லாம் பக்கம் மாறிடுச்சு. சொல்லலாம்னு போனா, பிரபு வாயெல்லாம் பல்லா, 'சும்மா இரு, இப்படியே நல்லாருக்கு'ன்னுட்டாரு!"

கேட்டீர்களா? தகட்டுக்காரன் செய்தது பிழை. பிழையைப் பார்த்துப் பல்லிளித்தாரே, அதற்கு என்ன பெயர்? தன் வாள் எங்கே தொங்குகிறது என்று பார்க்கத் தெரியாதவருக்கு நம் புல்வெளி வேண்டுமாம்!

நெல்ட்யே அக்கா, அந்தக் கண்ணாடியைக் கொஞ்சம் கொடுங்கள். தலைவர் அவர்களே, படத்தை இதன் எதிரே பிடியுங்கள். வாள் எங்கே போயிற்று? இடது இடுப்புக்கு! நம் தொப்பி? வலது கைக்கு! பிரபுவின் மரங்கள் எங்கே போயின?

சிரிக்காதீர்கள், தலைவரே சொல்லட்டும்... "வலப்புறம்!" ஆம், சேற்றுக்குள்!

பிரபுவின் ஆள் எழுந்திருக்கிறார். "ஏம்பா யூஸ்ட், சாட்சிய கண்ணாடி வச்சா பார்ப்பாங்க?" என்கிறார். பின்னே? பிரபு தினமும் மீசையைப் பார்ப்பது எதிலே?

தலைவர் அவர்களே, நாங்கள் இரக்கம் கேட்கவில்லை. பிரபுவின் படத்தையே நம்புங்கள். அதன்படியே தீர்ப்புச் சொல்லுங்கள். அந்தச் சேற்றை, அதிலுள்ள கடைசித் தவளை வரை, அவருக்கே கொடுங்கள்! நாளைக் காலை எங்கள் தாய்மார்கள் புல்வெளியில் துணி விரிக்கட்டும். யாரையும் பார்த்துக் குனியாமல்!

மழையில் நனைந்துகொண்டே கேட்ட உங்கள் எல்லோருக்கும் என் நன்றி. இடது வலது மாறாமல், நெஞ்சில் கை வைத்து வணங்குகிறேன்!