லமார் சொன்ன பதில்

அய்யோ, கண்ணாடிய இறக்காதீங்க தம்பி. செம்மண்ணு உள்ள வந்து மூக்கெல்லாம் அடைச்சுக்கும். நாத்தம்தான், தெரியுது. நேத்து சைக்கிளோட ஏத்துன கும்பல்ல ஒருத்தன் பின் சீட்டுல வாந்தி எடுத்துட்டான். ரெண்டு முட்ட, ரொட்டின்னு ஒழுங்கா தின்னுட்டு வந்தா என்னவாம்? சைக்கிள் ஓட்டத் தெம்புக்குன்னு அந்த இனிப்புப் பசைய பாக்கெட் பாக்கெட்டா உறிஞ்சுறது, அதுக்கு மேல வெள்ளரிக்கா ஊறுகாத் தண்ணிய வேற குடிக்கிறது. கால் நரம்பு இழுக்காம இருக்கவாம். கருமம். கழுவுறது யாரு? நான்.

ஆமா, இன்னிக்கு நீங்க ஒரே ஆள்தான். சைக்கிள மேல நல்லா இறுக்கித்தான் கட்டியிருக்கேன், ஆடாது. மலை மேலருந்து தனியாத்தான் சைக்கிள்ல இறங்கப் போறீங்களா? ம்.

எங்க வீட்டுக்காரரும் அப்படித்தான். லமார்னு பேரு. ஞாயித்துக்கிழமையானா ஊரே சர்ச்சுக்குக் கெளம்பும், இவரு சைக்கிளத் தூக்கிட்டு இந்தப் பாதைக்கு வருவாரு. மேல கொண்டாந்து விட்டுட்டு நான் கீழ ஆத்தங்கரையில போய் நிப்பேன். போன மே மாசம் ஒரு நாள் நின்னேன், நின்னேன், ஆளக் காணோம். ம், செத்துத்தான் போனாரு. பரவால்ல, தெரியாமத்தான கேட்டீங்க.

அழகா? அழகுதான், எவனும் இல்லாதப்ப. செவப்புப் பாறை, கீழ ஆறு, தூரத்துல பனி மலைன்னு கடவுள் ஒரு கொறையும் வெக்கல. வர்றவனுங்கதான் நாசம் பண்றானுங்க. அந்தா, பாதை ஓரத்துல கறுப்பா பொருக்குத் தட்டுனாப்புல இருக்கே, அது உசுருள்ள மண்ணு தம்பி. ஒரு தடவ மிதிச்சா நம்ம ஆயுசுக்குள்ள திரும்ப வளராது. வளைவ சுத்திப் போனா நேரம் போயிருமாம், அது மேலயே குறுக்கால ஏத்திட்டுப் போறானுங்க. எதுக்கு? யாரு வேகமா எறங்குனான்னு போன்ல ஒரு பட்டியல் வருமாம், அதுல இவன் பேரு மொதல்ல வரணும். வந்தா என்ன, தலையில கிரீடமா வெக்கப் போறாங்க? ஓ, நெசமாவே கிரீடம் மாதிரி படம் போடுவாங்களா? ரொம்ப சந்தோசம்.

எப்படிச் செத்தாரா? ஒரு பாறைப் படியில சறுக்கி இடுப்பு எலும்பு முறிஞ்சு போச்சு. அதுல யாரும் சாக மாட்டாங்க. வெயில்தான் கொன்னுச்சு. தண்ணிப் பை கிழிஞ்சு போச்சு, நகரவும் முடியல.

இங்க ஒரு வழக்கம் உண்டு, உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும். எவனாவது பாதையோரம் உக்காந்திருந்தா, தாண்டிப் போறவன், ‘எல்லாம் சரியா’ன்னு கேக்கணும். கேட்டுட்டு, பிரேக்கப் புடிச்சு, பதில் வர்ற வரைக்கும் நிக்கணும். நீங்களும் கேப்பீங்களா? நல்லது. ஆனா கூத்து என்னன்னா, இந்த ஊருக்காரன் எவனக் கேட்டாலும் எல்லாம் சரின்னுதான் சொல்லுவான். எலும்பு வெளிய நீட்டிக்கிட்டு இருக்கும், சரி சரி நீ போம்பான். எங்காளு அதுல மொத ஆளு. ஒரு தடவ தோள் எலும்ப ஒடச்சுட்டு வந்து, ஒத்தக் கையால உருளக்கெழங்கு தின்னுட்டு இருக்காரு. என்னய்யா ஆச்சுன்னா, எல்லாம் சரிங்கிறாரு. மறுநா சட்ட மாட்டும்போது கத்துனாரு, அப்பத்தான் எனக்கே தெரியும்.

அதனால தேடிப் போனவங்க என்ன சொன்னாங்க? பாதையில அன்னிக்குச் சைக்கிள் தடம் கெடக்கு, எவனாவது கேட்டிருப்பான், உன் புருசன் எல்லாம் சரின்னு சொல்லி அனுப்பியிருப்பாருன்னாங்க. எனக்கும் அதான் தோணுச்சு. வேற என்ன சொல்லியிருக்கப் போறாரு, வீம்பு புடிச்ச மனுசன்? பெட்டிய மூடும்போதுகூட எனக்கு அழுக வரல தம்பி. பொண்டாட்டியவிட உனக்கு ரோசம் பெருசாப் போச்சான்னு மனசுக்குள்ளயே திட்டுனேன். அவரு துணியெல்லாம் மூட்ட கட்டி சர்ச்சு வாசல்ல போட்டேன். கல்லறைப் பக்கம் எட்டிக்கூடப் பாக்கல.

இந்தா, வந்தாச்சு. இருங்க இருங்க, அந்தக் கதவு உள்ளருந்து தொறக்காது. நான் வந்துதான் தொறக்கணும்.

போன வாரம் ரெண்டு பசங்கள ஏத்திட்டு வந்தேன். உங்க சீட்டுல உக்காந்து போன்ல வீடியோ போட்டானுங்க. இந்தப் பாதையில இதுவரைக்கும் யாரும் போகாத வேகத்துல எவனோ போனானாம், ஹெல்மெட்டுல கேமராவ மாட்டிக்கிட்டு. நான் பாட்டுக்கு ஓட்டிட்டு இருக்கேன். காத்துச் சத்தம், மூச்சு வாங்குற சத்தம். எல்லாம் சரியான்னு ஒரு கத்து. அடுத்தாப்புல எங்க வீட்டுக்காரர் கொரல் கேக்குது.

வண்டி பள்ளத்துல எறங்கப் பாத்துச்சு. ஓரமா நிறுத்தி, போன வாங்கிப் பாத்தேன். பாறைக்குக் கீழ அவரு சட்ட, ஒரு கண்ணு மூடித் தொறக்குற நேரந்தான் தெரியுது. பிரேக்கு சத்தமே இல்ல. போயிக்கிட்டே இருக்கு கேமரா.

சைக்கிள் கைப்பிடியப் புடிச்ச கையில ஆரஞ்சு கிளவுசு. ஆமா, நீ மாட்டியிருக்கிற இதேதான். கீழ பேரும் போட்டிருந்துச்சு. இன்னிக்கு அதே பேருல ஒரு சீட்டு பதிஞ்சிருக்குன்னு ஆபீசுல சொன்னாங்க, நான் ஓட்டுறேன்னு கேட்டு வாங்கிக்கிட்டேன்.

காதுல பாட்டு ஓடுச்சா? ஓடியிருக்கும். அழாத. எனக்கு அதப் பாக்கவும் சகிக்கல. அடிக்கவோ போலீசக் கூப்பிடவோ நான் வரல. அவரு என்ன சொன்னாருன்னு உனக்குத் தெரியணும், அவ்வளவுதான்.

எல்லாம் சரியான்னு நீ கேட்டதுக்கு, ‘இல்ல, நில்லு’ன்னு சொன்னாரு. முப்பது வருசக் குடித்தனத்துல எங்கிட்டகூட அந்த மனுசன் இல்லன்னு வாயத் தொறந்து சொன்னதில்ல. வழியில போன உங்கிட்ட சொல்லியிருக்காரு.