பழைய ரோட்டில் திரியெஸ்தேவுக்கு

அலெங்கா: ...அப்பா! ஹைவே அந்தப் பக்கம். திரும்பாம வந்துட்டீங்க.

ஸ்டானே: தெரியும்மா. பழைய ரோட்லயே போயிடலாம்.

அலெங்கா: லூப்லியானாவுல இருந்து எல்லை தாண்டி திரியெஸ்தே நூறு கிலோமீட்டர்கூட இல்ல. ஹைவேன்னா ஒண்ணேகால் மணி நேரம். இதுல போனா...

ஸ்டானே: இதுல போனா மரமாவது பாக்கலாம். ஹைவேல என்ன இருக்கு? லாரியோட முதுகு.

அலெங்கா: நான் வேலைல சேரப் போறேன்ப்பா, மரம் பாக்க இல்ல.

ஸ்டானே: ஹைவே பாஸ் வேற தீந்துபோச்சு. கேமராவுல மாட்டுனா ஃபைன் போட்டுத் தீட்டிருவான்.

அலெங்கா: ஓ... பாஸ் தீந்துபோச்சா.

ஸ்டானே: ஆமா. என்ன சிரிப்பு?

அலெங்கா: ஒண்ணுமில்ல. ஓட்டுங்க.

ஸ்டானே: இங்க லோகாட்ஸ்ல ஒரு காபி குடிச்சிட்டுப் போலாமா?

அலெங்கா: நான் போறதே காபிக் கம்பெனிக்கு!

ஸ்டானே: அதான் சொல்றேன். அங்க போனதும் நம்மூர் காபி உனக்கு எறங்காது. இன்னைக்கே குடிச்சிக்க.

அலெங்கா: சரி, குடிச்சாச்சு. இப்ப எதுக்கு பங்க்ல நிறுத்துறீங்க?

ஸ்டானே: டயர்ல காத்து கம்மியா இருக்கு.

அலெங்கா: வழியில வர்ற எல்லா பங்க்லயும் காத்து கம்மியா?

ஸ்டானே: பழைய வண்டிம்மா...

அலெங்கா: பாதி வழி, பொஸ்தோய்னாவே இன்னும் வரல. மத்தியானமே ஆகப் போவுது.

ஸ்டானே: பொஸ்தோய்னாவுல சூப் நல்லா இருக்கும். அதுக்கப்புறம் மலை மேல காத்து பேயா அடிக்கும், மெதுவாத்தான் போகணும்...

அலெங்கா: அப்பா.

ஸ்டானே: ம்.

அலெங்கா: அந்த பாஸை போன மாசமே நான் உங்க வண்டி நம்பருக்குப் புதுப்பிச்சேன். உங்க போனுக்கு மெசேஜ் வந்துச்சு. எனக்கு ஒரு இதயம் வேற அனுப்பினீங்க.

ஸ்டானே: ...அனுப்பினேனா?

அலெங்கா: செவப்பு இதயம். கோவமில்லப்பா. சொல்லுங்க.

ஸ்டானே: என்னத்தச் சொல்ல? அம்மா போனப்புறம் அந்த வீட்ல நீ இருந்த, நான் இருந்தேன். உன்னை எறக்கி விட்டுட்டு நான் ஒத்தையாத் திரும்பணும். சீக்கிரம் போனா... சீக்கிரம் போயிடுவியேன்னு இருந்துச்சு. அவ்ளோதான்.

அலெங்கா: ஒண்ணேகால் மணி நேரம்ப்பா. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வந்து நிப்பேன்.

ஸ்டானே: மொத மாசம் வருவ. அப்புறம் போன்ல வருவ.

அலெங்கா: போதும். கைய குடுங்க.

ஸ்டானே: கியர் போடணும், விடு.

அலெங்கா: போடலாம், அப்புறம் போடலாம்.

ஸ்டானே: ...சரி, ஹைவேல ஏறிடறேன். அங்க உனக்கு வாடகைக்கு விட்ட வீட்டுக்காரம்மா சாவிய வெச்சுக்கிட்டு காத்திருப்பாங்க, பாவம். லேட்டாகும்னு ஒரு போன் போடு.

அலெங்கா: வேண்டாம்.

ஸ்டானே: மொத நாளே கெட்ட பேரு வாங்காத. போடும்மா.

அலெங்கா: அவங்க காத்திருக்கல. நாளைக்குச் சாயங்காலம்தான் வருவேன்னு சொல்லியிருக்கேன்.

ஸ்டானே: நாளைக்கா! அத வீட்லயே சொல்ல வேண்டியதுதானே?

அலெங்கா: சொன்னா நாளைக்குத்தான் வண்டிய எடுத்திருப்பீங்க, வழியில இப்படி ஒரு நாள் நமக்குக் கெடச்சிருக்காது. ராத்திரிக்கு எல்லைக்கு இந்தப் பக்கமே, செஜானாவுல ரூம் போட்டிருக்கேன், நம்ம ரெண்டு பேருக்கும். நேராப் போங்கப்பா... பழைய ரோட்லயே.