எக்ஸிட் லெவன் பேண்டில் யார் யார்

ஸ்வர்ணா: ...சரி, தொண்ணூத்திரண்டுல நியூஜெர்சி ஐசலின்ல, உன் கராஜ்ல ஆரம்பிச்சீங்க. எழுதிட்டேன். மேல சொல்லு.

நஞ்சுண்டன்: இப்பவே வேணுமா? 287 ஹைவேல டிராபிக்கப் பாத்தியா? நான் வண்டி ஓட்டவா, கதை சொல்லவா?

ஸ்வர்ணா: லேபர் டே கச்சேரி நோட்டீஸுக்கு அரைப் பக்கம் கேட்டிருக்காங்க. "எக்ஸிட் லெவன், நம்ம ஊர் சோல் பேண்ட், ஒரு சின்ன வரலாறு." அஞ்சு மணிக்குள்ள ஃபேக்ஸ் பண்ணணும். ஸ்தாபகர் நீதானே?

நஞ்சுண்டன்: ஸ்தாபகர் கால்வின். எங்க தெரு போஸ்ட்மேன். நான் பாட்டுக்கு கராஜ்ல பேஸ் கிடாரோட மல்லுக்கட்டிட்டிருந்தேன். தபால் போட வந்த மனுஷன், "எங்கேப்பா இவ்வளவு வேகமா ஓடறே? சோல் மியூசிக்ல காத்திருக்கத் தெரியணும்"னாரு. மறுநாள் டிரம்ஸோட வந்து நின்னுட்டாரு.

ஸ்வர்ணா: கீபோர்டு?

நஞ்சுண்டன்: சுப்பையன். தொண்ணூத்தஞ்சுல கலிபோர்னியா பே ஏரியாவுக்கு ஓடிட்டான்.

ஸ்வர்ணா: சும்மாவா விட்டீங்க?

நஞ்சுண்டன்: எப்படி விடுவோம்? கால்வின் போட்ட சட்டம் இருக்கே! போறவங்க, தன் இடத்துக்கு ஒரு ஆளைப் புடிச்சு, எல்லாப் பாட்டும் சொல்லிக்குடுத்துட்டுத்தான் போகணும். பிரிட்ஜ்வாட்டர் கோயில் பஜனைல ஆர்மோனியம் வாசிச்ச கிட்டுசாமிய இழுத்துட்டு வந்தான்.

ஸ்வர்ணா: அவர் மொதல் மாசம் பூரா எல்லாப் பாட்டையும் மங்களம் மாதிரியே முடிச்சாராமே?

நஞ்சுண்டன்: கால்வின் அதுல சொக்கிப் போயிட்டாரு! "மாத்தாதே"ன்னுட்டாரு. இன்னிக்கும் கடைசிப் பாட்டு அப்படித்தானே முடியுது?

ஸ்வர்ணா: பாட்டு... கால்வினோட தங்கச்சி லொரெட்டா.

நஞ்சுண்டன்: அவங்க சர்ச் கொயர நடத்தப் போனப்ப, தன் இடத்துக்கு ஒரு வாயாடிய கொண்டாந்து விட்டாங்க.

ஸ்வர்ணா: ஹலோ! பிரஷர் மாத்திரை வாங்க என் பார்மஸிக்கு வந்தவங்க. நான் மாத்திரை எண்ணிட்டே முணுமுணுத்ததக் கேட்டுட்டு, "பேபி, வேலை எத்தனை மணிக்கு முடியும்?"னாங்க. நாலு வருஷம் ஆச்சு... சரி. "பேஸ் கிடார்: நஞ்சுண்டன், 1992 முதல் இன்று (2000) வரை." போடட்டா?

நஞ்சுண்டன்: ...போடு. இல்ல, வருஷமெல்லாம் எதுக்கு?

ஸ்வர்ணா: ஏன் இழுக்கறே?

நஞ்சுண்டன்: யாரு இழுத்தா?

ஸ்வர்ணா: அது கெடக்கட்டும். ருக்மிணி ஆன்ட்டி எதுக்கு செவ்வாய்க்கிழமையானா உன் வீட்டுக்கு வராங்க?

நஞ்சுண்டன்: எந்த... ருக்மிணி ஆன்ட்டி?

ஸ்வர்ணா: வீணை ஆன்ட்டி. கம்ப்யூட்டர் கத்துக்கன்னு கதை விடாதே. அவங்க வலது கை விரல் நுனியில கொப்புளம். விரல்ல கம்பி மாட்டித்தான் வீணை மீட்டுவாங்க, வெறும் விரலால பேஸ் கிடார் வாசிக்காம அங்க எப்படிக் கொப்புளம் வரும்?

நஞ்சுண்டன்: டெக்சாஸ்ல, ஹூஸ்டன்ல வேலை கெடச்சிருக்கு. பக்கத்துல பேர்லேண்ட்ல அபார்ட்மென்ட் பாத்தாச்சு. செப்டம்பர் கடைசியில ஜாயின் பண்ணணும். கம்பெனிய மூடினதுலேர்ந்து நான் எத்தனை இடத்துல அப்ளை பண்ணேன்னு உனக்கே தெரியும். விசா நிக்கணுமே?

ஸ்வர்ணா: எங்கிட்ட எப்ப சொல்றதா உத்தேசம்? பிளேன் ஏறினப்புறமா?

நஞ்சுண்டன்: கால்வின்கிட்டயே இன்னும் சொல்லல...

ஸ்வர்ணா: கால்வின் வேற, நான் வேற! மெட்ராஸ்லேர்ந்து அம்மா அனுப்பின மாப்பிள்ளை போட்டோ ஒவ்வொண்ணையும் உங்கிட்ட காட்டிக் காட்டித் திருப்பி அனுப்பினேனே. எதுக்குன்னு நெனச்சே?

நஞ்சுண்டன்: புரியாம இல்ல. சொன்னா, "நீயும் வா"ன்னு கேட்டுடுவேன். ஒரே சமயத்துல ரெண்டு பேர் போனா பேண்ட் தாங்குமா? எட்டு வருஷம், ஸ்வர்ணா! நீ வரலைன்னு சொல்லிட்டாலோ... நான் தாங்க மாட்டேன். அதான் வாயையே மூடிட்டேன்.

ஸ்வர்ணா: நடுவுல என்னமோ சொன்னியே. அத மட்டும் இன்னொரு தடவ சொல்லு.

நஞ்சுண்டன்: எத?

ஸ்வர்ணா: தெரியும் உனக்கு.

நஞ்சுண்டன்: ...நீயும் வா. என்னோட.

ஸ்வர்ணா: ம்.

நஞ்சுண்டன்: "ம்"னா என்ன அர்த்தம்? சரி, மொதல்ல அந்த ஃபேக்ஸ முடி. மணியாகுது...

ஸ்வர்ணா: ஃபேக்ஸ் நேத்தே போயாச்சு.

நஞ்சுண்டன்: என்னது! அப்ப இவ்வளவு நேரம் என்னை எதுக்குக் குடைஞ்சு எடுத்தே?

ஸ்வர்ணா: நீயா வாயத் தெறக்கறியான்னு பாக்கத்தான். ருக்மிணி ஆன்ட்டி வாயில ரகசியம் எத்தனை நாள் நிக்கும்? வந்த ரெண்டாவது வாரமே எங்கிட்ட கொட்டிட்டாங்க. பேஸ் கிடாருக்கு அவங்க பேரத்தான் போட்டிருக்கேன்.

நஞ்சுண்டன்: அடிப்பாவி... பாட்டுக்கு உன் பேர்தானே?

ஸ்வர்ணா: இல்ல, எங்க பார்மஸி கவுன்டர்ல இருக்காளே, அந்த வான்மதி பேரு. கால்வின் சட்டப்படி என் இடத்துக்கு நான் புடிச்ச ஆள். ஆறு வாரமா எங்க பேஸ்மென்ட்ல பாடிப் பாடி, வியாழக்கிழமைதான் எல்லாப் பாட்டும் முடிச்சா. டெக்சாஸ் பார்மஸி லைசென்ஸுக்கும் அப்ளை பண்ணியாச்சு.